பீடாதிபதிக்கு வாங்கிய சோடா

ஏப்ரல் 7, திங்கள்

பனி உருகித் தெரு முழுக்கச் சேறு. முழங்கால் வலி. வெளியே போகவில்லை.

வத்சலா இன்றும் அந்த வேலைக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. பத்து நாள். அமெரிக்காவின் தெற்கில் ஒரு பல்கலைக்கழகம். கறுப்பு மக்களை வேறெங்கும் சேர்க்காத காலத்தில் அவர்களுக்கென்றே தொடங்கியது. அதன் எஞ்சினியரிங் பீடத்துக்கு இவளைப் பீடாதிபதியாக வரச் சொல்லிக் கேட்கிறார்கள். என் வயிற்றில் பிறந்தவளை. இவள் யோசிக்கிறாளாம்.

மொன்றியலில் இருபது வருடமாகப் படிப்பிக்கிறாள். பாலம், கொங்கிறீற்று. துறைத் தலைவர் பதவிக்கு மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் வேறு ஆள். கடைசி ஆள் இவளிடம் வேலை பழகியவன். மூவரின் பெயரும் தெரியும். எழுதமாட்டேன், மை வீண்.

பின்னேரம் போன் எடுத்தேன்.

"ஏன்டி இழுக்கிறாய்?"

"அம்மா, அது அவை கட்டின வீடு. அந்தக் கதிரைக்கு அவையின்ட ஆக்களே எவ்வளவு காலம் காத்திருந்தவை. வெளியாள் நான் போய் ஏறி இருக்கிறதோ?"

"அவையள்தானே கூப்பிடுகினம்?"

"கூப்பிட்டா மட்டும் காணாது."

வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெயில், ஆனால் குளிர். மரக்கறிக் கடையில் சரசு. இங்கே என் வீட்டுக்குக் கீழ்வீடு. ஊரில் பக்கத்துத் தெரு. அவர்களுடைய கிணற்றில் நாங்கள் வாளி போடக்கூடாது. யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு நிற்க வேண்டும். ஒரு நாள் சரசு வாசலில் இருந்து தலை இழுத்து முடிகிறாள், நான் நிற்கிறேன். இழுத்து முடியும்வரை எழும்பவில்லை. சிவப்பு ரிபன்.

இன்றைக்குக் கேட்கிறாள்: "என்ன பூமணி, மகள் அமெரிக்கா போறாளாம். கறுவல்ட யூனிவேசிற்றிக்கோ? வெள்ளையள்ட ஒண்டும் அம்பிடேல்லையோ?"

"அம்பிட்டது. இவள்தான் வேண்டாமெண்டவள்."

பொய். சொன்னதில் வருத்தமில்லை.

எட்டு வருடம் ஒரே கட்டடம். என் வீட்டில் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்ததில்லை. "இப்பத்தான் குடிச்சிட்டு வாறன்." எப்போது வந்தாலும் இப்பத்தான். பதினொரு தரம்.

கத்தரிக்காய் நல்லதில்லை. வாங்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

மழை. வத்சலா போன். இளைப்பாறப் போகிற பழைய பீடாதிபதி ஒரு கூட்டத்துக்கு மொன்றியல் வருகிறாராம். சனிக்கிழமை என் வீட்டுக்கு வர வேண்டுமாம். லொங்குய்யில் வ. வீடு பெரிது, அங்கே கூப்பிடேன் என்றேன்.

"இல்லை. உன்ட அம்மாவைப் பாக்க வேணும், அவவிட்ட இருந்துதானே உன்னைக் கூட்டிக்கொண்டு போகப் போறன் எண்டு சொல்லுறா."

நல்ல மனிசி.

"அம்மா, பழங்கதை ஒண்டும் அவவுக்கு வேண்டாம்."

"எது பழங்கதை?"

"உங்களுக்குத் தெரியும்."

தெரியும். ஊரில் எங்களை எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்று இவள் இந்த நாட்டில் ஒருவருக்கும் வாய் திறந்ததில்லை. கேட்டால் யாழ்ப்பாணம். அதோடு சரி.

வாங்க:
ஆட்டிறைச்சி, எலும்போடு
கத்தரிக்காய் (வேறு கடை)
தேங்காய்ப்பால்
சோடா, கண்ணாடிப் போத்தல், மூலைப் பெட்டிக்கடை டெப்பனரில் இருக்கும்
கடுதாசிக் கப், புதுக் கட்டு

ஏப்ரல் 12, சனி

எல்லோரும் போன கையோடு எழுதுகிறேன்.

டாக்டர் எர்னஸ்டின். நல்ல உயரம், நரை முடி ஒட்ட வெட்டியது, கையில் தடி. வெளிப்படி மூன்று மாடி. நடுவில் நின்று மூச்சு வாங்கினார். ஒரு முறைப்பாடு இல்லை.

இருத்தினேன். வ., பேத்தி நிலா, எனக்குக் கோப்பையில் தேத்தண்ணி. அவருக்குச் சோடா. கடுதாசிக் கப் கட்டை அவர் கண் முன்னால் பிரித்தேன், போத்தல் மூடியையும் அவர் பார்க்கத்தான் திறந்தேன். ஊரில் பெரிய ஆட்கள் வந்தால் என் அம்மா அப்படித்தான் செய்வா.

அவர் போத்தலைப் பார்த்தார். எங்கள் கோப்பைகளைப் பார்த்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பைக் காணவில்லை.

இவவும் சரசு மாதிரியா? மூடி திறக்காத சோடாகூட எங்கள் கையால் ஆகாதா?

வ. அவசரமாக இங்கிலீசில் ஏதோ. "கிளீன்" என்ற சொல் மட்டும் விளங்கியது. அவர் முகம் இன்னும் இறுகியது.

நிலாதான் கேட்டாள்: "அம்மம்மா, அவவுக்கு மட்டும் ஏன் பேப்பர் கப்?"

"பெரிய ஆக்கள் எங்கட கோப்பையில வாய் வைக்கமாட்டினமடி. கடைச் சோடா எண்டா குடிப்பினம். மரியாதைக்குத்தான் வாங்கினனான்."

"ஏன் வைக்கமாட்டினம்?"

"எங்கள்ல பட்டாத் தீட்டு. அதுதான்."

"நிலா, காணும்!" என்றாள் வ.

"மே நோ, அப்பிடியில்லை அம்மா. அவ வேற ஏதோ நினைக்கிறா." நிலா திரும்பி இங்கிலீசில் ஒன்று விடாமல் சொன்னாள். பதினாறு வயது. தாய் இத்தனை வருடம் பொத்தி வைத்தது இரண்டு நிமிடத்தில் வெளியே.

நான் எழும்பிப் போய் இறைச்சி அடுப்பைத் தணித்தேன்.

பிறகு டாக்டர் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க. கண்ணைத் துடைத்தார்.

"என்னவாம்?" நிலாவைக் கேட்டேன்.

"நாங்கள் அவவைத்தான் தள்ளி வைக்கிறம் எண்டு நினைச்சவவாம். அவவின்ட அம்மாவுக்குக் கடையில பின் கதவாலதான் குடுக்கிறவையாம். கடுதாசிக் கப்பில. வெள்ளை ஆக்களுக்குக் கண்ணாடிக் கிளாஸாம்."

ஐயோ. எழுபத்தாறு வயதில் நான் செய்த வேலை.

சோடாவை ஒரு பக்கம் அரக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். நாலு கரண்டி சீனி. இறைச்சிக் கறி இரண்டு தரம் போட்டுக்கொண்டார். உறைப்புக்கு மூக்கைத் துடைத்தபடி.

போகுமுன் வ. விடம் ஒன்று சொன்னார். நிலா எனக்குக் காதில்: "ரெண்டு தரம் உன்னோட மணித்தியாலக் கணக்காக் கதைச்சனான், ரெண்டு தரமும் நீ கொங்கிறீற்றைத்தான் சொன்னாய் எண்டு சொல்லுறா."

வ. எழும்பிப் பாத்திரம் கழுவப் போனாள். எல்லாம் ஏற்கெனவே கழுவியது.

ஏப்ரல் 13, ஞாயிறு

வ. வந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

"இதைச் சொல்லித்தான் வேலை வாங்கினவள் எண்டு நாளைக்குச் சொல்லுவினம். என்ட படிப்புக்கு மதிப்பில்லையோ? அவை பட்டதும் நாங்கள் பட்டதும் ஒண்டெண்டு போய் நிக்க எனக்கு வெக்கம்."

"ஒண்டெண்டு ஆர் சொன்னது? மறைக்காதை எண்டுதான் சொல்லுறன்."

"நீங்கள் அதையே தூக்கிக்கொண்டு திரியிறியள். என்னால சுமக்க ஏலாது."

"நீ எப்ப சுமந்தனீ?"

போய்விட்டாள். அவளுக்கென்று கட்டி வைத்த கறி மேசையில்.

கடைசி வார்த்தை கூடிப்போய்விட்டது. போன் எடுத்துச் சொல்லலாம். எடுக்கமாட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புது வருடம். கோயிலுக்குப் போகவில்லை. வ. போன் இல்லை. நிலா மட்டும் செய்தி அனுப்பினாள், இரண்டு பூப் படம்.

படியில் சரசு. "சனிக்கிழமை உங்கட வீட்டுக்கு ஒரு கறுப்பி வந்தவ. வேலைக்காரியோ?"

"பீடாதிபதி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவ."

சரசு சாவியைத் தேடினாள். தேடட்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காற்று. ஒன்றுமில்லை. கறியைக் கொட்டினேன். நல்ல இறைச்சி.

ஏப்ரல் 16, புதன்

வேலை நாள். பதினொரு மணிக்கு மணி அடிக்கிறது, கதவில் வ. மெட்ரோவில் வந்தாளாம், சப்பாத்து முழுக்கச் சேறு. யாருக்கோ ஏதோ என்று பயந்துபோனேன்.

"காலமை ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

கதிரையில் இருந்தேன்.

"ஆவணியில போறம். நீங்களும் வாறியள்."

"நான் வரேல்லை. சரசு சந்தோசப்படுவாள்."

சிரிக்கவில்லை. பீடாதிபதி ஒன்று கேட்டாராம். பதவி ஏற்கிற நாளில் பிள்ளைகளுக்கு முன்னால் பேச வேண்டும், கொங்கிறீற்று வேண்டாம். அங்கே படிக்கிற பாதிப் பேர் வீட்டில் முதல் முதல் பல்கலைக்கழகம் வந்தவர்களாம்.

"விக்கிறதுக்கில்லை அம்மா. வேலை கையில வந்திட்டுது. இனிச் சொல்லலாம்."

கைப்பையிலிருந்து கொப்பி எடுத்தாள். பேனை.

"நீங்கள் ஏன் பள்ளிக்கூடத்தால நிண்டனீங்கள்?"

நாற்பத்தெட்டு வயது இவளுக்கு. ஒரு நாள் கேட்டதில்லை. இப்போது கேட்கிறாள், கொப்பியும் கையுமாக. அடிக்க வேண்டும் போல இருந்தது.

"பிந்திக் கேக்கிறாய்."

"ஓம். பிந்தித்தான்."

"எழுது. மூண்டாம் வகுப்பு. வாங்கில எங்களுக்கு இடமில்லை, நிலத்தில. மழை பெய்தா நாங்கள் இருக்கிற பக்கம்தான் ஒழுகும். சிலேற்றை நீட்டினாத் தொடமாட்டார், கீழ வையடி எண்டு கம்பால காட்டுவார்."

"ஆர்?"

வாத்தியாரின் பெயரைச் சொன்னேன். தகப்பன் பெயர், வீட்டுக் குறிச்சி, சைக்கிளின் நிறம்.

"மெல்லமாச் சொல்லுங்கோ அம்மா."

நான் மெதுவாக்கவில்லை.