நான் கொடுத்தனுப்பிய முட்டிவலி மாத்திரை

கணபதி, கோயமுத்தூர்
14.7.96, ஞாயிறு

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதினால் பாதி பொய்யாகிவிடும். பயப்படும்படி ஒன்றும் இல்லை அம்மணி, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை உன் குரலிலேயே கேட்டுவிட்டேன். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததில் புண் முழுதாக ஆறிவிட்டது, தையல் போட்ட இடம் சுத்தமாக இருக்கிறது, இரண்டு வேளை கேப்சூலை ஒரு வேளையாகக் குறைத்துவிட்டார்கள், இப்போது படுத்தே தூங்குகிறேன் என்று நீ சொன்னாயே, அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அது போதும் என்று இருந்தது. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். நாலு மாதமாக என் மகள் மூன்று தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடி தூங்கினாள் என்பது அதுவரை அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன பிப்ரவரியில் பனியில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கிவிட்டது, இங்கே டாக்டர் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையைத் தவிர வேறு எதுவும் தரமாட்டேன் என்கிறார் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இத்தனை பெரிய தேசத்தில் ஒரு முட்டிவலிக்கு மருந்து இல்லையா என்று நினைத்தேன். பட்டறையில் நாள் முழுக்க நின்று மோட்டார் காயில் சுற்றுகிறவனுக்கு முட்டிவலி மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பத்து வருஷமாக நான் போடுகிற மாத்திரை கையிலேயே இருந்தது. நம் தெரு வேலுமணி மகன் மதன்குமார் அமெரிக்கா கிளம்பியபோது பன்னிரண்டு அட்டை வாங்கி, மேலே காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று எழுதி, அம்மா போட்ட மாங்காய் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தனுப்பினேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருஷம் நீ உடம்பு இளைக்க ஆபரேஷன் பண்ணிக்கொள்ளப் போகிறேன், இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு சேர்த்துத் தைப்பார்கள் என்று சொன்னபோது, ஆண்டவன் கொடுத்த வயிற்றை அறுப்பதா என்று கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் உன்னோடு போனில் பேசாமல் இருந்தேன். நூற்றுப் பதினெட்டுக் கிலோவும் சர்க்கரையுமாக மாடிப்படி ஏறமுடியாமல் நீ பட்ட பாடு எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை. அந்தப் பேசாத இரண்டு மாதத்துக்கு ஈடாகத்தான் அந்தப் பன்னிரண்டு அட்டை.

மே மாதம் நீ ஆபீசில் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக வாந்தி எடுத்து மயங்கி விழுந்து, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய். மாப்பிள்ளை போன் பண்ணியபோது அம்மா ரிசீவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நீ பேசினாய். என்ன சாப்பிட்டாய், எதனால் வந்தது என்று அம்மா கேட்டதற்குக் காப்பியும் காரமும் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று சொன்னாய். நீ அதைச் சும்மா சொன்னாய் கண்ணு, ஆனால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அமெரிக்காவில் அவளுக்குக் காரம் ஏது, நான் அனுப்பிய ஊறுகாய்தானே என்றாள். வீட்டில் மிச்சமிருந்த ஜாடியைக் கொண்டுபோய்த் தென்னைமரத்தடியில் கொட்டினாள். இந்த வருஷம் மாங்காய்க்காரி கூடையை இறக்கியபோது, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். தினமும் சாமி விளக்கு ஏற்றும்போது என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று எனக்குக் கேட்கும், என் கையால் எம்புள்ளைக்கு இப்படி ஆச்சே என்பதுதான். நானும் ஆமாம் காரம் ஆகாதுதான் என்று ஒத்துப் பாடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் இருபதாம் தேதி வாக்கில் என் மாத்திரை தீரப்போகிறது என்று யூனுஸ் பாய் மருந்துக்கடைக்குப் போனேன். உனக்கு அவரைத் தெரிந்திருக்காது, நீ போன பிறகு நம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கடை வைத்தவர், மருந்துப் படிப்பு முறையாகப் படித்தவர். மகளுக்கு இப்போது எப்படி என்று கேட்டார். என்ன ஆபரேஷன் என்று விவரம் கேட்டார், சொன்னேன். முட்டிவலிக்கு நம் மாத்திரைதான் அங்கேயும் போய்ச் சேர்ந்தது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். எடுத்த அட்டையை என் கையில் கொடுக்காமல் கண்ணாடி மேஜை மேல் வைத்துவிட்டார். கடையில் நின்ற மற்ற இரண்டு பேருக்கும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு என்னை உள்ளே ஸ்டூலில் உட்காரவைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஏனுங்க, வயித்துல அந்த மாதிரி தையல் போட்டவங்களுக்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாதுங்க. சேர்த்துத் தெச்ச எடத்துல புண்ணாக்கிப் போடுமுங்க. ஊறுகாய் மேல பழி போடாதீங்க." எத்தனை நாள் போட்டாள் என்று கேட்டார். கணக்குப் பார்த்தால் நான் எழுதிய மாதிரியே காலை ஒன்று ராத்திரி ஒன்று, ஒரு நாள் தவறாமல் இரண்டு மாதம். அப்பா சொன்னால் நீ தவறமாட்டாய். அன்றைக்கே அவரே கடையைச் சாத்திவிட்டுத் திருச்சி ரோட்டில் இருக்கும் வயிற்று டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரும் அதையேதான் சொன்னார். புளிப்பு மேலே ஏறுவதும் நெஞ்சு எரிவதும் முதல் எச்சரிக்கை, அதோடு நிறுத்தியிருந்தால் ரத்தம் போயிருக்காது என்றார்.

நீ இன்னும் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறாயோ என்ற பயத்தில் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன், வீட்டுப் போனில் பேசினால் அம்மாவுக்குக் கேட்டுவிடும். மாப்பிள்ளைதான் எடுத்தார், நீ மூன்று தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாய், மார்ச்சிலிருந்தே இப்படித்தான் என்றார். அந்த மாத்திரை என்று ஆரம்பித்ததும் அவர் பேச்சை மாற்றி, அங்கே மழையா என்று கேட்டார். நான் விடவில்லை. கடைசியில் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் நாளே டாக்டர் உன் கைப்பையில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டாராம். போடக்கூடாத மாத்திரைகள் என்று ஆபரேஷன் சமயத்திலேயே ஒரு தாள் கொடுத்திருந்தார்களாம், ஆனால் நம் ஊர் மாத்திரைக்குப் பேர் வேறு என்பதால் அது இதுதான் என்று உனக்குத் தெரியவில்லையாம். தெரிந்த பிறகும் என்னிடம் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாயாம். "மாமா, உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க தாங்கமாட்டீங்கன்னு சொல்லி அழுதாளுங்க. ரத்தம் ஏத்திட்டு இருக்கும்போதே சொன்னாளுங்க" என்றார். 

அதற்குப் பிறகு நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. பதினேழு நாள் அம்மாவிடம் சொல்லவில்லை. புண் ஆறிவிட்டது என்று சேதி வரட்டும், பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவள் விளக்கு ஏற்றும் நேரத்தில் பட்டறைக்குப் போய்விடுவேன். போன ஞாயிறு உன் போன் வந்து, அவள் சந்தோஷத்தில் சேமியாப் பாயசம் வைத்து முதல் தம்ளரை என் கையில் கொடுத்தாள், அதற்கு மேல் முடியவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. "ஒன்றரை மாசமா நானே எம்புள்ளைக்கு வெசம் வெச்சுப்போட்டேன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. நீங்க பார்த்துட்டே இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு இல்லை. நாற்பது வருஷத்தில் அவள் இப்படி இருந்ததில்லை.

மூன்றாம் நாள் காலையில் அலமாரியில் மிச்சம் இருந்த என் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சாப்பிட்டு எழுந்ததும் தினமும் சோடா குடிக்கிறீர்களே, ராத்திரி எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவுகிறீர்களே, அது என்ன என்று கேட்டாள். வாயு என்று சொன்னேன். டாக்டர் சொல்லட்டும் என்று ஆட்டோ கூப்பிட்டுவிட்டாள். வியாழக்கிழமை எனக்கும் குழாய் விட்டுப் பார்த்தார்கள் அம்மணி. நீ இரண்டு தடவை அதை விழுங்கினாய், நான் ஒரு தடவைக்கே டாக்டரின் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். எனக்கும் புண் இருக்கிறது, ஆனால் சின்னது. இன்னும் ஒரு வருஷம் இப்படியே போயிருந்தால் உன்னை மாதிரியே விழுந்திருப்பீர்கள் என்று டாக்டர் சொன்னார். நீ போடுகிற அதே கேப்சூலைத்தான் எனக்கும் எழுதியிருக்கிறார், எட்டு வாரம். மூன்று நாளிலேயே நெஞ்சு எரிவது பாதி குறைந்துவிட்டது. முட்டிக்குக் கல்லுப்பு வறுத்து ஒத்தடம் நடக்கிறது. புளிப்பு மேலே ஏறாமல் இருக்கக் கட்டிலின் தலைமாட்டுக்கு அடியில் பட்டறையில் இருந்து இரண்டு மரக்கட்டை கொண்டுவந்து வைத்திருக்கிறேன், ராத்திரியெல்லாம் கால்மாட்டுக்குச் சறுக்கிக்கொண்டு போகிறேன் என்று அம்மா திட்டுகிறாள். திட்டுகிறாள் என்றால் பேச ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்.

இனி நான் எந்த மருந்தும் கொடுத்தனுப்பமாட்டேன், புத்திமதி மட்டும் கொஞ்சம் அனுப்புகிறேன், அதையும் உன் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய். கேப்சூலைக் காலையில் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டுமாம், சாப்பிட்ட பிறகு போட்டால் பிரயோஜனம் குறைவாம். எரிச்சல் நின்றுவிட்டது என்று நீயாக நிறுத்தாதே, குறைப்பதும் நிறுத்துவதும் அவர் வேலை. ரத்தம் போன உடம்பு, இரும்புச்சத்து மாத்திரையையும் மாதம் ஒரு வைட்டமின் ஊசியையும் மறக்காதே. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதே, சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்காதே, ஆபீஸ் அவசரத்தில் நின்றுகொண்டே விழுங்காதே, உன் வயிறு இப்போது ஒரு கைப்பிடிதான், அதைக் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொள். யூனுஸ் பாய் ஒரு யோசனை சொன்னார். என்ன ஆபரேஷன் ஆனது, எந்த வகை மாத்திரை ஆகாது என்று ஒரு அட்டையில் எழுதி எப்போதும் பையில் வைத்துக்கொள்ள வேண்டுமாம், பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்ட வேண்டுமாம். இங்கே நல்ல மழை, கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, பட்டறைக்கு இரண்டு ஆள் சேர்த்திருக்கிறேன், நின்று வேலை செய்வதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

நீ எனக்காகச் சொன்ன பொய்யைத்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். உடம்பில் ரத்தம் இல்லாமல் கிடந்தபோதும் அப்பன் மனசு நோகக்கூடாது என்று நினைத்திருக்கிறாய். போதும் கண்ணு. வலித்தால் வலிக்கிறது என்று எழுது, என்னால் வந்தது என்றால் உங்களால் வந்தது என்றே எழுது, நான் தாங்குவேன். நானும் இனி என் உடம்பைப் பற்றி உனக்கு உள்ளதை எழுதுவேன்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும் என்று மருதமலையானை வேண்டிக்கொள்கிறோம். அடுத்த சோதனைக்கு நாள் கொடுத்திருப்பார்கள், அந்தத் தேதியை எனக்கு எழுது, மறக்காதே. சத்தியத்தை மீறிவிட்டார் என்று மாப்பிள்ளையைக் கோபிக்காதே, நான் கேட்ட கேள்விக்கு அவரால் பொய் சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்டவர் உன் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு இங்கே தூக்கம் வருகிறது.

அன்பு அப்பா,
நஞ்சுண்டன்