தொட்டாலே சிலிர்க்கும் ஹீட்டர்

அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சௌக்கியம். அப்பாவின் இடது முட்டி மட்டும் சௌக்கியமில்லை, அதுவும் மாடிப்படி ஏறும்போதுதான், இறங்கும்போது துள்ளிக்கொண்டு இறங்குகிறார். நீயும் அங்கே உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். பதினாறு நாளாக உன் போனை நான் எடுக்கவில்லை, எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அம்மா குளிக்கிறாள், துணி காயப்போடுகிறாள், பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அப்பாவைச் சொல்லவைத்தேன். அவருக்கும் சாக்கு தீர்ந்துபோய் ஒருநாள் "அம்மா இங்கதான் நிக்கிறா, ஆனா இல்லன்னு சொல்லச் சொன்னா" என்று போட்டு உடைத்துவிட்டார். அதனால் இனி மறைக்க ஒன்றுமில்லை, கோபம்தான். "அம்மா, நீ இருபத்தாறு வருஷமா பண்றதை ஒரு மிஷின் நாலு நொடியில பண்ணிடும், நீ எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கிற" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அக்கறையாகத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் அப்படிப்பட்ட மிஷின்களுக்கு அறிவு சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருக்கிறவளே நீதான். அன்றைக்கு மத்தியானம்தான் எங்கள் பிரிவில் பதினோரு பேரை நாலு பேராகக் குறைக்கிறோம் என்று ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். மாதக் கடைசியில் நான் கிடங்குக்கு மாற்றலாகிப் போகவேண்டும். அதை உன்னிடம் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு, நான் பெற்ற பெண்ணே வந்து என் நாற்காலியை இழுத்துப் போட்டமாதிரி நினைத்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அந்தக் காகிதத்துக்கு முன்னும் பின்னும் நடந்ததையெல்லாம் போனில் சொன்னால் நடுவில் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் குறைதீர்ப்புப் பிரிவு என்ன செய்யும் என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எங்கள் கம்பெனியின் மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் வாங்கினவர்கள் நாடெங்கும் இருந்து எழுதுவதெல்லாம் எங்கள் மேசைக்கு வரும். படித்துப் பார்த்து இது குறை, இது பாராட்டு, இது அவசரம் என்று பிரித்து, மெக்கானிக்கை அனுப்பவேண்டியதற்கு அனுப்பி, மன்னிப்புக் கேட்கவேண்டியதற்குக் கேட்டு முடிப்போம். (எங்கள் தலைக்குமேல் சுற்றுகிற எங்கள் கம்பெனி மின்விசிறி கிறீச் கிறீச் என்று கத்துவது தனிக்கதை, அதற்கு யாரிடம் எழுதுவது.) போன மாதம் மேனேஜர் எல்லாரையும் கூட்டி நிறுத்தினார். எதைக் கேட்டாலும் "ஆகட்டும் ஆகட்டும்" என்று சொல்லி ஒன்றும் செய்யாதவர், அதனால் அவர் பெயரே எங்களுக்குள் ஆகட்டும்தான். "இத்தனை நாளா கம்ப்யூட்டருக்குக் கை மட்டும் இருந்துச்சு, நாம சொன்னதைச் செஞ்சுச்சு. இப்ப மூளையும் வெச்சாச்சு. செயற்கை நுண்ணறிவு கடிதத்தைப் படிக்கும், முடிவு பண்ணும், தானியங்கி அப்படியே செஞ்சு முடிச்சிடும், நடுவுல ஒருத்தரும் வேண்டாம்" என்றார். தேநீர் கொண்டுவந்த அக்கா தட்டைப் பிடித்துக்கொண்டே "அப்ப நீங்க என்ன சார் பண்ணுவீங்க" என்று கேட்டுவிட்டாள். அவர் "ஆகட்டும் ஆகட்டும்" என்றார்.

வந்தது பார் ஒரு வரத்து, அதற்கென்று தனி அறை, குளுகுளு வசதி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், அதைப் பற்றி யாரும் ஒரு சொல் குறையாகப் பேசக்கூடாது. எங்கள் பிரிவு ஒரே குரலில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டது. கூடவே கழுத்தில் டை கட்டிய பொறியாளர் ஒருவர் வந்தார், அவரை டை என்றே கூப்பிட்டோம், திரும்பிப் பார்ப்பார். மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான், பொய் சொல்லக்கூடாது, ஒரு நாள் வேலையை ஒரு மூச்சில் முடித்தார். ஆனால் நம் ஜனங்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும் என்பது அவருக்குத் தெரியவில்லை. "உங்க ஃபேனுக்கு ஒரு பெரிய கும்பிடு" என்று ஒருத்தர் எழுதினால் அது பாராட்டு. "போதும் சாமி, நீங்க நல்லா இருங்க" என்றால் ரொம்பப் பாராட்டு. ஒரு தையற்காரம்மா "உங்க இஸ்திரிப் பெட்டி என் வீட்டுக்காரர் புதுச் சட்டை முதுகுல அழகா ஒரு முக்கோணம் வரைஞ்சு குடுத்துச்சு, ரொம்ப நன்றி" என்று எழுதியிருந்தாள். மாப்பிள்ளை அதைப் படித்து மகிழ்ந்து, பூப்படம் போட்ட நன்றி அட்டை ஒன்றைத் தானே அச்சடித்துத் தானே தபாலில் அனுப்பி, விஷயம் முடிந்தது என்று குறித்துவிட்டார். அவள் "பூ வேறயா, புல்லரிக்குது" என்று எழுதினாள். இன்னொரு அட்டை போயிற்று. மூன்றாவது தடவை அவள் எழுதவில்லை, சட்டையோடு நேரில் வந்து அதை ஆகட்டும் அவர்களின் நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுப் போனாள். நான் டையிடம் சொன்னேன், தம்பி இது குத்தல், இது பாராட்டு இல்லை, என் வீட்டுக்காரர் சமையலில் உப்பு இல்லாத அன்றைக்குத்தான் பிரமாதம் என்பார், உப்பு சரியாக இருந்தால் வாயே திறக்கமாட்டார் என்று. "நூத்துக்குத் தொண்ணூத்தாறு சரியா இருக்கும்மா, மத்தது போகப்போகச் சரியாயிடும்" என்றார். அந்த மற்ற நாலு பேர் யார் தம்பி என்று கேட்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை லிஃப்டுக்காகக் கீழே நின்றுகொண்டிருந்தேன். வரவேற்பறையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை வைத்திருக்கிறார்கள், வாடிக்கையாளர்கள் சொன்ன நல்ல வார்த்தைகளை மாப்பிள்ளையே பொறுக்கி எடுத்து அதில் ஓடவிடுவார். அன்றைக்கு இத்தனை பெரிய எழுத்தில் "தொட்டாலே உடம்பெல்லாம் சிலிர்க்கிறது! – எங்கள் வாட்டர் ஹீட்டர் பற்றி ஒரு மகிழ்ச்சியான வாடிக்கையாளர்" என்று ஓடியது, பின்னால் அருவிப் படம் வேறு. எல்லாரும் பார்த்தார்கள், லிஃப்டில் ஏறினார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஏறினேன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில்தான் எனக்கு உறைத்தது. வாட்டர் ஹீட்டரைத் தொட்டால் எதற்கடி உடம்பு சிலிர்க்கவேண்டும்?

மூன்றாம் மாடியிலேயே இறங்கி மிச்சப் படியை ஓடியே ஏறினேன், உன் அப்பாவின் முட்டி என்றால் அங்கேயே கழன்றிருக்கும். கடிதத்தைத் தேடி எடுத்தேன். எழுதியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தின் வெந்நீர்க் கருவியை வாங்கிப் பெரும்பேறு பெற்றோம். குழாயைத் தொட்டாலே உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. என் மனைவிக்கு நேற்று அந்தப் பாக்கியம் கிட்டியது, தரையில் அமர்ந்தவள் வெகுநேரம் எழவில்லை. இப்பேர்ப்பட்ட அனுபவத்தை அருளிய தங்களுக்கு நன்றி சொல்ல வார்த்தையில்லை." கீழே மாப்பிள்ளையின் குறிப்பு: பாராட்டு, அட்டை அனுப்பப்பட்டது, முடிந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. நாலாவது தடவை அந்தம்மா எடுத்தார். "அவர் குளிக்கப் போயிருக்காருங்க, நீங்க யாரு" என்றார். நான் ஹீட்டர் பற்றிக் கேட்டதும் "அதான் சரியாயிடுச்சே, உங்ககிட்டருந்து அட்டை வந்துச்சு, வெற்றிகரமா முடிஞ்சதுன்னு போட்டிருந்தீங்க. இப்பல்லாம் அங்கருந்தே கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடறாங்க போலன்னு சொல்லி இப்பதான் ஸ்விட்சைப் போட்டுட்டு உள்ள போனார்" என்றார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பிரிவுக்காரர்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள். "அம்மா, முதல்ல மெயினை அணைங்க, அவரைக் குழாயைத் தொடவேண்டாம்னு கத்துங்க" என்றேன். அந்தம்மா நிதானமாக "மெயின் உசரத்துல இருக்குங்க, எனக்கு எட்டாது" என்றார். ஸ்டூல் போடுங்க, துடைப்பக் கட்டையால தள்ளுங்க என்றேன். போனை எங்கேயோ வைத்தார். ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. வாலு, அந்த அரை நிமிஷத்தில் நான் வேண்டாத சாமி பாக்கியில்லை. அப்புறம் தூரத்தில் ஒரு கிழக்குரல், "எவடி அவ கரண்டை அணைச்சது, கண்ணெல்லாம் சோப்பு!" என்று. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை, இரண்டும்தான் என்று தேநீர் அக்கா சொல்கிறாள். அவர் நுரையோடு வந்து போனை வாங்கி, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தங்கள் சேவை அபாரம் அம்மா" என்றார். இருபத்தாறு வருஷம் கடிதம் படித்தவளுக்கு அது பாராட்டா குத்தலா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

போனை வைத்ததும் செருப்புக் காலோடு மாப்பிள்ளை அறைக்குள் போனேன், யாரும் தடுக்கவில்லை. டை முகம் வெளுத்துப்போய் இருந்தார். சிலிர்ப்பு, சுரீர், விர்ரு, உதறல், துள்ளல், ஹீட்டர் பற்றி வந்த கடிதங்களில் இந்த மாதிரி என்ன வார்த்தை இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். நாற்பதாயிரம் கடிதத்தில் ஐம்பத்து மூன்றைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் எடுத்துக் கொடுத்துவிட்டது. நான் கேட்காமலே, இதில் நாற்பத்தெட்டு ஹீட்டர் ஒரே வாரத்தில் செய்தவை என்றும் சொன்னது. நாங்கள் பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தால் அது எங்களுக்குத் தெரிய ஒரு மாதம் ஆகியிருக்கும், அதற்குள் என்னென்ன நடந்திருக்குமோ. அதில் ஒரு தாய் "எங்க குட்டிப்பய குழாயைத் தொட்டுட்டு டான்ஸ் ஆடறான்" என்று எழுதியிருந்தாள், அதற்கு மாப்பிள்ளை இதயப்படம் போட்டிருந்தார். அதைப் படித்தபோது அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அப்புறம் அந்தத் தானியங்கிக் கையைப் பார்க்கவேண்டுமே, அந்த வாரத்து ஹீட்டர் வாங்கின அத்தனை பேருக்கும் எச்சரிக்கை, கிடங்கில் ஏற்றிக்கொண்டிருந்த லாரியை நிறுத்து, ஊர் ஊருக்கு மெக்கானிக், எல்லாம் பத்து நிமிஷம். எச்சரிக்கைச் செய்தியை மட்டும் "மகிழ்ச்சியான வாடிக்கையாளரே" என்று ஆரம்பித்திருந்தது, அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி அந்த வரியை நான் அடித்துவிட்டேன். போகவேண்டிய வீட்டுக்கெல்லாம் மறுநாள் சாயங்காலத்துக்குள் ஆள் போய்விட்டது. செய்தி பார்க்காதவர்களை நாங்கள் மாற்றி மாற்றி போனில் பிடித்தோம். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அந்தக் குட்டிப்பயல் உட்பட.

வெள்ளிக்கிழமை ஆகட்டும் கூப்பிட்டார். கிடங்குக்குப் போகிற தேதிதான் என்று நினைத்துக்கொண்டு போனேன். உட்காரச் சொன்னார், அதுவே புதுசு. என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். மின்சாரம், நெருப்பு சம்பந்தப்பட்ட எந்தக் கடிதத்தையும் ஒரு மனிதர் படிக்காமல் மூடக்கூடாது என்றேன், மாப்பிள்ளை அளவுக்கு மீறி மகிழ்ந்துபோனால் அதையும் எங்களிடம் காட்டவேண்டும் என்றேன், அதற்கு நாலு பேர் போதாது என்றேன். "ஆகட்டும்" என்றார். ஒரே ஒரு தடவை. அதனால் நிஜமாகவே நடந்துவிட்டது. நான் இங்கேயே இருக்கிறேன், எனக்கு முன்னாலேயே கிடங்குக்குப் போன ஆறு பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள், மற்ற மூன்று பேர் கிடங்கில் ஜன்னல் இருக்கிறது, வரமாட்டோம் என்றுவிட்டார்கள். இப்போது தினமும் ஒரு மணி நேரம் நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து எது குத்தல், எது பாராட்டு என்று பார்க்கிறோம். நேற்று ஒரு பாட்டுவாத்தியார் "ஃபேன் நன்றாக ஓடுகிறது" என்று மட்டும் எழுதியிருந்தார், அதை எடுத்து "குத்தலாக இருக்கலாம், சரிபார்க்கவும்" என்று என்னிடம் நீட்டுகிறது. உன் அப்பாவிடம் சொன்னேன். "உன்கூட ஒரு வாரம் பழகினதுல அதுவும் கெட்டுப்போச்சா" என்கிறார்.

ஆகவே நீ சொன்னது பாதி சரி, நாலு நொடிகூட ஆகவில்லை. மீதிப் பாதியை நீ உன் வேலையிடத்தில் போய்ச் சொல்லு, மிஷினுக்குப் படிக்கவும் செய்யவும் கற்றுக்கொடுக்கிறவர்கள் அது எங்கே நிற்கவேண்டும் என்றும் கற்றுக்கொடுங்கள் என்று. வருத்தத்தைச் சொல்லாமல் போனை ஒளித்தது என் தப்புதான், அம்மா என்றாலும் தப்பு தப்புதான்.

இன்னும் ஒன்று. இந்தப் பதினாறு நாளில் நீ அப்பாவுக்கு அனுப்பின செய்திகளை நேற்று வாங்கிப் பார்த்தேன். ஐந்து செய்தி, ஐந்திலும் "நான் நல்லா இருக்கேன்ப்பா", ஒரு முற்றுப்புள்ளி. பொண்ணு நல்லா இருக்காளாம் என்று அவர் சந்தோஷமாகப் போனை மூடிவைத்துவிட்டார். எனக்கு மூட முடியவில்லை. நல்லா இருக்கிற நாளில் நீ அப்படி எழுதுகிறவள் இல்லை. அறைத்தோழியின் குறட்டை, ஷூவுக்குள் புகுந்த மழைத்தண்ணி, யாரோ உன் குடையை எடுத்துக்கொண்டு போனது, ஏதாவது ஒரு பிராது இருக்கும். பிராதே இல்லாத பெண்ணை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. என்மேல் கோபமா, இல்லை அங்கே வேறு ஏதாவது நடந்திருக்கிறதா, எதுவானாலும் நேராகச் சொல்லிவிடு.

பல் டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போடாதே, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. நீ நூறு வயசுக்கு நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி வாழவேண்டும், இது நானும் அப்பாவும் சேர்ந்து சொல்வது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடு, முதல் மணியிலேயே எடுப்பேன். எடுத்ததும் நல்லா இருக்கேன்மா என்று மட்டும் ஆரம்பிக்காதே. திட்டுவதாக இருந்தால் திட்டு, அழுவதாக இருந்தால் அழு, ஒன்றும் பேசாமல் இருந்தாலும் சரி, நீயாக வைக்கிறவரைக்கும் நான் வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா