அம்மாவின் முழங்காலும் லு மோர்ன் மலையும்

ஸ்காபரோ,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் நிலக்சிக்கு,

மொரிசியஸில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் முழங்காலையும் என் மானத்தையும் தவிர மற்றதெல்லாம் சுகம். ஃபோனில் சொல்லப் போனால் அம்மா பக்கத்தில் நிற்பாள், அதுதான் கடிதம். மானம் போன கதையைப் பக்கத்து வீட்டு றோசலின் அன்ரி சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். மலையேறிப் பழகுவோமென்று போன கிழமை ஏரிக்கரையில் இருக்கிற புளஃப்ஸ் குன்றுப் பக்கம் போனேன், ஏறினது ஏறிவிட்டேன், இறங்கத் தெரியாமல் சேற்றில் குந்தியபடியே சறுக்கிக் கீழே வந்து சேர்ந்தேன், காற்சட்டையின் பின்பக்கம் மட்டும் முழுசாக வந்து சேரவில்லை. கீழே நின்றது வேறு ஆர், றோசலின்தான். சால்வையைக் கழற்றித் தந்துவிட்டு, "அண்ணை, உங்கட வீட்டில ஒராள் ஏறினாக் காணும், நீங்கள் காருக்குள்ள இருங்கோ" என்றாள். இப்போது தமிழ்க் கடைக்குப் போனால் ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

எல்லாம் உன்னால்தான். நீ கட்டப்போகிற ஜெரோமின் முன்னோர் அங்கே லு மோர்ன் மலையில் ஒளிந்து வாழ்ந்த அடிமைகள், கலியாணத்துக்கு முதல் இரண்டு வீட்டுப் பெற்றோரும் சேர்ந்து அந்த மலையில் ஏறுவது அவர்கள் வீட்டு வழக்கம் என்று நீ எழுதின நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. மலைக்கும் வரேல்ல, கலியாணத்துக்கும் வரேல்ல என்று அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். பிக்கரிங்கிலிருந்து உன் மாமா ஸ்ரீஸ்கந்தராசா வேறு வந்து, அடிமையளின்ர பரம்பரைக்கோ பொம்பிளை குடுக்கப் போறியள் என்று கேட்டார். "மச்சான், நீங்கள் ஜேர்மனிக்குக் கோழி லொறிக்குள்ள ஒளிச்சு வந்த ஆள். அவையள் ஒளிச்ச மலையை உலகமே வந்து ஏறிப் பாக்குது. உங்கட லொறியை ஆர் வந்து பாக்கினம்?" என்றேன். தின்றுகொண்டிருந்த ரோல்ஸைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனவர் இன்னும் ஃபோன் எடுக்கவில்லை. மிச்சப் பாதியை நான்தான் சாப்பிட்டேன்.

அம்மாவை இளக்கலாமென்று, நீ எழுதின மற்றக் கதையையும் வாசித்துக் காட்டினேன். இனி நீங்கள் அடிமைகள் இல்லை என்று சொல்லத்தான் படையினர் மலைக்கு வந்தார்களாம், பிடிக்க வருகிறார்கள் என்று பயந்து மேலே நின்றவர்கள் குதித்துவிட்டார்களாம். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். "அதுகளிட்டை மேல ஏறிப் போய்ப் பக்குவமாச் சொல்ல ஒருத்தருமில்லையோ?" அவ்வளவுதான். திரும்பக் கத்தியை எடுத்து வெங்காயத்தை வெட்டத் தொடங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து பக்தி கூடிவிட்டது. சனிக்கிழமை விடிந்தால் றோசலினின் காரில் ஏறி றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போகிறாள், உன் மனத்தை மாற்றச் சொல்லி நேர்த்தியாக்கும். மாதா கோயிலுக்குப் போகிற றோசலினுக்குப் பிள்ளையாரிடம் என்ன அலுவல் என்று நானும் கேட்கவில்லை. திரும்பி வந்து, வீதி சுற்றிக் கால் விட்டுப் போச்சு என்று என்னைக் கொண்டு எண்ணெய் தேய்ப்பிக்கிறாள். கோயிலைச் சுற்றுகிற முழங்காலுக்கு மகளின் கலியாணத்துக்கு வர ஏலாதாம். எனக்கு அலுத்துவிட்டது பிள்ளை. அப்பா மட்டும்தான் வருவார் என்று ஜெரோம் வீட்டாரிடம் சொல்லிவிடு. மெதுவாகத்தான் ஏறுவார் என்றும் சொல்லி வை.

தொப்பி இல்லாமல் வெயிலில் திரியாதே. சாப்பிடுகிற மீனையெல்லாம் படம் பிடித்து அனுப்பாதே, வயிறெரிகிறது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். அம்மாவுக்கு மறக்காமல் ஃபோன் எடு, எடுக்காவிட்டால் ஏச்சு எனக்கு.

இப்படிக்கு,
மானமிழந்த அப்பா
குகதாசன்

பி.கு: அம்மாவின் காலுக்கு எண்ணெய் எடுக்கச் சாமித்தட்டுக்குக் கீழே கையை விட்டேன். போத்தலுக்குப் பின்னால் மலையேறுகிற சப்பாத்து ஒரு சோடி, அவளுடைய அளவு. அடியில் காய்ந்திருப்பது என் காற்சட்டையை விட்டு இன்னும் போகாத அதே சாம்பல் நிறச் சேறு.