பிரேக்கில் கசிந்த காற்று

மார்ச் 3

காலையில் லாரியைக் கிளப்பினால் பிரேக்குக்குக் காற்று ஏற வெகுநேரமாகிறது. காற்றழுத்தம் காட்டும் முள் பாதியில் நின்றுகொண்டு, மேலே போவதா வேண்டாமா என்று யோசிக்கிறது. காற்று ஏறாமல் பிரேக் பிடிக்காது. கொட்டாவி விட்டபடி நானும் தம்பியும் உட்கார்ந்திருந்தோம். காற்று குறைந்தால் அலற வேண்டிய பஸ்ஸரும் எப்போதோ செத்துவிட்டது. பழைய வண்டிதான். ஆனால் எங்கள் இருவருக்கும் அது ஒன்றுதான் சொத்து.

“ஏண்ணே, அதுக்கும் உன்னை மாதிரி மூச்சு வாங்குதோ?” என்றான். சிரித்தேன். எனக்குக் காற்றடைக்கும் கம்ப்ரசர் மேல்தான் சந்தேகம்.

மார்ச் 6

மெக்கானிக் நெட்டை கம்ப்ரசரைக் கழற்றிப் பார்த்தார். என் தோளுக்குக்கூட எட்டாத மனிதருக்கு இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ. “கம்ப்ரசர் கல்லு மாதிரி இருக்கு. எங்கியோ லீக் ஆகுது, பாருங்க” என்றார்.

பார்த்தேன். காற்று டாங்க் நிறைந்ததும் இன்ஜினை அணைத்து, தம்பி கேபினில் பிரேக்கை மிதிக்க, நான் அடியில் படுத்துக் காது கொடுப்பேன். கசிந்தால் உஸ்ஸென்று காட்டிக்கொடுத்துவிடும். முன்னால், பின்னால், எல்லாச் சக்கரத்தருகிலும் கேட்டேன். ஒன்றுமில்லை. கசிவைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வேறு எடுத்துவிட்டேனே. நெட்டை அதை நம்பிக் கம்ப்ரசரைத் திரும்ப மாட்டினார்.

மார்ச் 9

வண்டி கழுவினேன். தம்பி பிரேக்கை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி டீ கொண்டுவந்தாள்.

“என்னங்க, பின் சக்கரத்துக்கிட்ட உஸ்ஸுன்னு ஏதோ சீறுதே?”

“பக்கத்து வீட்டுத் தண்ணிக் குழாயா இருக்கும்.”

“குழாய் எங்க இருக்கு, வண்டி எங்க இருக்கு? உங்ககிட்ட பேசுறது செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரிதான்.”

அவளுக்கு டயரும் ஒன்றுதான், டாங்கும் ஒன்றுதான். டீ நன்றாக இருந்தது.

மார்ச் 11

நாளை மலை ஏறுகிறோம். போகும்போது காலி, இறங்கும்போது மர லோடு.

மார்ச் 14

எழுதக் கை வரவில்லை.

மரம் ஏற்றி இறங்கிக்கொண்டிருந்தோம். இரண்டாவது கியர். தம்பி பக்கத்து சீட்டில் கண்ணயர்ந்திருந்தான். திடீரென்று துள்ளி எழுந்து, “அண்ணே! காத்து! காத்து எறங்குது!” என்று கத்தினான். முள்ளைப் பார்த்தேன் — அடியில் கிடந்தது. மிதித்தேன். பெடல் சும்மா போய்ச் சும்மா வந்தது.

கியர் இழுத்துப் பிடித்ததால் வண்டி மெதுவாகத்தான் உருண்டது. ஆனால் நிற்கவில்லை. அடுத்த வளைவுக்கு அந்தப்பக்கம் செங்குத்துப் பள்ளம். மலைப்பக்கம் ஒடித்துப் பாறையில் உரசவிட்டேன். அதற்குள் தம்பி சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் இரண்டு கட்டைகளோடு குதித்துவிட்டான். வேணாம்டா, வேணாம்டான்னு கத்துறேன், கேக்கவே இல்ல. முதல் கட்டை நழுவியது. இரண்டாவது பிடித்தது. வண்டி நின்றது.

அவனுடைய இடது பாதம் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்கிறார்கள் பார்க்க வருகிறவர்கள். தலைப்பாகையா அது? என் தம்பியின் கால்.

மார்ச் 16

ஆஸ்பத்திரி. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். நடக்கலாம், வண்டியும் ஓட்டலாம், ஆனால் மாதக்கணக்காகும் என்கிறார் டாக்டர்.

வருகிறவர்களிடமெல்லாம் தம்பி ஒரே பாட்டைப் பாடுகிறான். “பைப்பு திடீர்னு வெடிச்சிருச்சு. அண்ணன் மட்டும் ஒடிக்கலன்னா பள்ளத்துல கிடந்திருப்போம்.” நெட்டை அந்த ரப்பர் பைப்பைக் கொண்டுவந்து காட்டினார். பின் சக்கரத்துக்குப் போவது. வண்டியின் அடிச்சட்டமான சேஸில் உரசி உரசி ஒரு பக்கம் தேய்ந்து பிளந்திருந்தது. “இது ஒரு நாள்ல தேஞ்சதில்லையே...” என்று ஆரம்பித்தார். தம்பி முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவர் போனபின் கேட்டேன்: “கண்ணை மூடிட்டுத்தானே இருந்த? காத்து எறங்குறது உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?”

“என்னமோ முழிப்பு வந்துச்சுண்ணே.”

“பஸ்ஸர் அடிச்சுதா?”

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அதுதான் எப்பவோ செத்துப்போச்சே.”

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அதை அவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

மார்ச் 17

நெட்டையின் பட்டறைக்குப் போனேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். வண்டியில் ஏறினேன். டாங்கில் காற்று இல்லை. இன்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பினேன். எந்தச் சத்தமும் இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுப் பஸ்ஸரைத் தொட்டேன்.

நடுங்குகிறது. என் விரல் நுனியில் பஸ்ஸர் அதிர்கிறது.

தெருவில் போன ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். “ஐயா, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க, மண்டைய பொளக்குது.”

எத்தன நாளா இப்படி? சீறுதுன்னு சொன்னாளே. நான் குழாய்னு சொன்னேனே. படுத்துக் கேட்டேனே, ஒண்ணுமில்லன்னு சொன்னேனே... பாவி, பாவி.

மார்ச் 21

காது டாக்டர் வெளிச்சத்தம் புகாத பெட்டிக்குள் உட்காரவைத்துப் பார்த்தார். இன்ஜின் கேட்கிறது, பக்கத்தில் நின்று பேசினால் கேட்கிறது. மெல்லிசான கூர்மையான சத்தமெல்லாம் போய்விட்டதாம். போனது போனதுதானாம்.

வீடு வரும்வரை மனைவி என் கையை விடவில்லை. இனி அவள் சங்குப் பழமொழியைச் சொல்ல மாட்டாள். சொன்னால் தேவலை.

ஏப்ரல் 2

தம்பியின் கட்டிலில் சாவியை வைத்தேன்.

“எதுக்குண்ணே இது?”

“இனிமே நீ ஓட்டு.”

“பைத்தியமா உனக்கு? கால் ஆறட்டும், சேர்ந்தே போவோம். நீ ஓட்டு, நான் கேட்டுக்கிறேன்.”

“நீ தூங்கினா?”

சாவியை என் பக்கமே தள்ளினான். “பைப்பு வெடிச்சுது, பஸ்ஸர் செத்துப்போச்சுன்னு ஏண்டா பொய் சொன்ன?” என்றேன்.

“பின்ன, ஊர் பூரா தமுக்கு அடிக்கணுமா? அந்த ஸ்டியரிங்க விட்டா உனக்கு வேற என்ன இருக்கு?”

இரண்டு பேரும் அழுதோம். அம்மா போனபோதுகூட இப்படி அழவில்லை.

மே 20

பைப்பெல்லாம் புதிது, சேஸில் உரசாதபடி தள்ளிக் கட்டியாயிற்று. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுகிறேன். கசிந்தால் குமிழி வரும். டாங்கில் சேரும் தண்ணீரை வடிக்கிறேன். இன்ஜினை அணைத்துப் பெடலை மிதித்துக்கொண்டு முள்ளையே பார்க்கிறேன், இறங்குகிறதா என்று. இத்தனை வருடம் இதையெல்லாம் வேலையத்தவன் வேலை என்று சிரித்திருக்கிறேன்.

ஜூலை 8

தம்பி முதல் லோடு எடுத்தான். கொஞ்சம் நொண்டுகிறான், கிளச் மிதிக்க வருகிறது. நான் எல்லாப் பைப்பையும் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றேன். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே தலையை நீட்டி என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். போய்வருகிறேன் என்கிறான் என்று நினைத்துச் சிரித்தபடி கையை ஆட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எடுத்துக்கொண்டு போனான்.

உள்ளே வந்ததும், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள், “ஏங்க அப்படி மறுத்துட்டீங்க? ‘ஏறி உட்காருண்ணே, நீ இல்லாம போக மாட்டேன்’னு அவ்வளவு ஆசையா கூப்பிட்டாரு.”