லாரியை மலையில் நிறுத்த வந்தவனுக்கு

இன்று காலை பால் வேன் ஒன்று எங்கள் வாசலில் நின்றது. நிற்கிற வண்டிதான், ஆனால் எஞ்சின் ஏற்றத்தில் போகிற வண்டிபோல இரைந்தது. புகை வாசனை முற்றம் வரைக்கும் வந்தது. எழுந்து போய் டிரைவரிடம், "எதுக்கு இவ்வளவு சத்தம்?" என்று கேட்டேன்.

"கொறச்சா நின்னு போகுது பாட்டா. அதான் எஞ்சின் ஓட்டத்தக் கூட்டுற ஸ்குருவக் கொஞ்சம் ஏத்தி வச்சிருக்கு," என்றான்.

"பிரேக்க மிதிக்கும்போ சத்தம் மாறுதான்னு பாத்தியா?"

எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இந்தக் கிழவன் பிரேக்கைப் பற்றி ஏன் கேட்கிறான் என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் வாசலிலேயே நின்றேன். அந்தக் கேள்வி உன்னுடையது. நீ மண்ணுக்குள் போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உன் கேள்வி என் வாயில் வந்து நிற்கிறது.

நாம் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம் அது. உலகச் சண்டை முடிந்து பட்டாளம் ஏலத்தில் விட்ட லாரி ஒன்றை என் முதலாளி எடுத்திருந்தார். பூதப்பாண்டிக்கு மேலே, மலையில் இருந்த ரப்பர் எஸ்டேட்டுக்கு அரிசி ஏற்றிப்போய், திரும்பும்போது ரப்பர் ஷீட் ஏற்றி வருவது என் வேலை. உனக்குக் கோட்டாற்றில் ஓலைக்கூரை போட்ட ஒரு ஒர்க்‌ஷாப். நம் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. உன் வாப்பாவின் கடையில் நான் பீடி வாங்கப்போய்த் தொடங்கிய பழக்கம்.

அந்த வருஷம் கார்த்திகை மழையில் லாரிக்கு ஒரு சீக்கு வந்தது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்தினால் எஞ்சின் குளிர்காய்ச்சல்காரனைப்போல உதறும், பிறகு அணைந்துபோகும். ஒரு திங்கட்கிழமை உன்னிடம் கொண்டுவந்தேன். பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தாய். தீப்பொறி தருகிற பாயிண்டைச் சரிசெய்து பார்த்தாய். கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவி மாட்டினாய். உதறல் போகவில்லை. "நாளைக்கு வண்டி இங்கண நிக்கட்டும் மக்கா. வேற எங்கயோ காத்து இழுக்குகு," என்று சொன்னாய்.

எனக்குப் பொறுமை இல்லை. அரிசி மூட்டை ஏறிக் காத்திருந்தது. "அதெல்லாம் பொறவு பாக்கலாம்டே. இப்பம் ஸ்குருவத் திருகி ஏத்தி விடு, நிக்காம ஓடினாப் போதும்," என்றேன். பிரேக்கை மிதித்தால் உதறல் கூடுகிறது என்பதையும் ஏதோ ஊர்க்கதை சொல்வதுபோலப் போகிறபோக்கில் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு ஸ்குருவை அரைச் சுற்றுத் திருகினாய். எஞ்சின் கூடுதலாக இரைந்தது, ஆனால் நிற்கவில்லை. நான் சந்தோஷமாகப் போனேன்.

அந்த வாரம் முழுக்க வண்டி அப்படியே ஓடியது. வெள்ளிக்கிழமை நாலு மணிவாக்கில் எஸ்டேட்டில் ரப்பர் ஏற்றி முடித்தோம். கோட்டாற்றுக் கோயில் திருவிழாவுக்காகப் ரப்பர் பால்வெட்டுகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் பிள்ளைகளோடு லாரியின் மேலே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். புதுச்சேலை, தலையில் பூ. கிளீனர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் டிரைவர் வேலையும் கிளீனர் வேலையும் அன்று எனக்குத்தான். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

அப்போதுதான் வளைவில் நீ வந்தாய். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வாய் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு. ஜும்மாத் தொழுகைக்கு உடுத்திய வெள்ளை வேட்டியில் முழங்கால் வரைக்கும் செம்மண். கோட்டாற்றிலிருந்து அத்தனை தூரம் மிதித்து, மலைப்பாதையில் தள்ளி ஏறி வந்திருக்கிறாய். உன்னால் பேசக்கூட முடியவில்லை. ஒரு கையைத் தூக்கி லாரிக்கு முன்னால் நின்றாய்.

எஸ்டேட் கங்காணி குடையோடு வந்தார். "என்னவே, வழிய மறிச்சு நிக்கீரு?"

"ஆளுகள எறக்குங்க. வண்டி இப்பம் மலையெறங்கப்பிடாது," என்றாய்.

"காலைல ஏறி வந்த வண்டிதானே?"

"ஏறும். எறங்கத்தான் பயம்."

நீ விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. பானட்டைத் தூக்கி, உன் கையாலேயே ஏற்றிய ஸ்குருவைத் திரும்ப இறக்கினாய். எஞ்சின் பழையபடி உதறத் தொடங்கியது. "இதுதான் இதுக்க நெசச் சத்தம்," என்றாய். பிறகு என்னிடம், "பிரேக்க மிதி," என்றாய். மிதித்தேன். எஞ்சின் இரண்டு முறை விக்கி அணைந்தது. இன்னொரு முறை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, அந்த வெள்ளை வேட்டியோடு சேற்றில் படுத்து வண்டிக்கு அடியில் போனாய். வெளியே வந்து, எஞ்சினிலிருந்து கீழே போகும் ஒரு ரப்பர் குழாயைப் பிடுங்கி, எஞ்சினில் அது இருந்த துளையில் துணி சுற்றிய மரக்குச்சியை அடித்து இறுக்கினாய். உதறல் நின்றது. சாப்பிட்டுத் தூங்குகிற பிள்ளையின் மூச்சைப்போல அத்தனை சீராக ஓடியது.

கங்காணி, "அப்ப செரியாச்சே, போகலாமே?" என்றார்.

"எஞ்சினுக்குச் செரியாச்சு. பிரேக்குக்கு இல்ல," என்றாய். அவருக்கும் எனக்குமாகச் சொன்னாய். பாரவண்டிக்குக் கால் பலம் மட்டும் போதாது. எஞ்சின் காற்றை இழுக்கிற இழுப்பை இந்தக் குழாய் வழியாக வாங்கி ஒரு டப்பா பிரேக்குக்குத் துணை நிற்கிறது. குழாய் வெடித்திருக்கிறது, டப்பாவுக்குள் இருக்கும் தோலும் கிழிந்திருக்கிறது. அந்த வழியாகக் காற்றுப் புகுந்துதான் எஞ்சின் உதறியது. உதறல் சீக்கு அல்ல, சீக்கின் அடையாளம். "கொழாயத் திரும்ப மாட்டினாலும் இறக்கத்துல நாலுதரம் மிதிச்சா அந்தத் துணை போயிரும். பொறவு இத்தனை பாரத்தையும் இவனுக்க ஒத்தக்கால் பிடிச்சு நிறுத்தணும்."

கங்காணி என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "ஒரு வாரமா ஓடுகு. இது எப்படித் தெரியாமப் போச்சு?"

"நான் ஸ்குருவத் திருகி அந்தச் சத்தத்த அமுக்கிட்டேன். தப்பு என் பேர்ல. இன்னைக்குத் தொழுதுட்டு இருக்கும்போதான் இவன் பிரேக்கப் பத்திச் சொன்னது ஓர்மை வந்தது. ஓடி வந்தேன்."

அத்தனை பேர் முன்னாலும் சொன்னாய். திருகச் சொன்னது நான். அதை நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்கண்ணாடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடுப்பில் கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்திதான் முதலில் இறங்கினாள். "நாங்க நடந்தே போயிருவோம். எறங்குங்கட்டி," என்றாள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ரப்பர் ஷீட்டுகளையும் இறக்கிக் கொட்டகைக்குள் வைத்தோம். வெறும் வண்டியை முதல் கியரில் இறக்கினேன். நீ உள்ளே ஏறி உட்காரவில்லை. சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, பின்சக்கரத்தோடு சேர்ந்து நடந்தே வந்தாய். கண்ணாடியில் உன்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

ஓடைக்குப் பக்கத்து வளைவில், நனைந்த சருகில் வண்டி வழுக்கியது. சீட்டை விட்டு எழுந்து, இரண்டு காலையும் வைத்துப் பிரேக்கின் மேல் நின்றேன். வண்டி நிற்கவில்லை, பள்ளத்தைப் பார்த்து மெல்லப் போனது. பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம். சக்கரம் உன் கட்டையின் மேல் பாதி ஏறி நின்றது. நான் இறங்கிப் பின்னால் வந்தேன். நீ கட்டையைப் பிடித்தபடி குந்தியிருந்தாய். வெறும் வண்டிக்கே இது. மேலே அந்தப் பெண்களும் பிள்ளைகளும் இருந்திருந்தால் என்று நாம் பேசிக்கொள்ளவில்லை. நடந்து வந்தவர்கள் சற்று நேரத்தில் அந்த வளைவைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி பாடிக்கொண்டே போனாள்.

கங்காணி சொன்னது ஊருக்குள் இறங்கிவிட்டது. 'தப்பு செஞ்ச மெக்கானிக்' என்ற பேர். என் முதலாளி வண்டியை வேறு இடத்துக்கு விட்டார். இன்னும் இரண்டு மூன்று லாரிக்காரர்கள் உன்னிடம் வருவதை நிறுத்தினார்கள். நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் வந்தால் தேநீர் வாங்கித் தந்தாய். அந்தத் தேநீர் எனக்கு இறங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, முதலாளியையே உன் ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்து வந்தேன். நாலைந்து டிரைவர்களும் இருந்தார்கள். "ஸ்குருவ ஏத்தச் சொன்னது நான். இவன் ஒருநாள் வண்டிய நிறுத்தச் சொன்னான், நான்தான் கேக்கல," என்றேன். முதலாளி ஒர்க்‌ஷாப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, "வண்டிய நாளைக்கு இங்கயே கொண்டுவா," என்று சொல்லிவிட்டுப் போனார். நீ ஏதோ நட்டை முடுக்கிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமலே கேட்டாய்: "இதச் சொல்ல ஒரு மாசமா ஆச்சு, மக்கா?" பிறகு சிரித்தாய். அந்தச் சிரிப்பில் கோபம் துளியும் இல்லை. உன்னை அதற்கு முன்பு எனக்குப் பிடிக்கும். அன்றிலிருந்து மதித்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டி ஓட்டினேன், குடும்பம் நடத்தினேன், பிள்ளைகளையும் மருமக்களையும் கண்டேன். தப்பு செய்யாமல் இருக்க நான் படிக்கவில்லை. செய்த தப்பைச் சொல்வதற்கு மட்டும் நாள் குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஒரு மாதம், பிறகு ஒரு வாரம், இரண்டு நாள். உன்னைப்போல மூச்சிரைக்க ஓடிவந்து அந்த நிமிஷமே சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. ஒரு இரவு ஆகிவிடுகிறது. விடிந்ததும் போய்ச் சொல்லிவிடுகிறேன்.