அப்பா வாங்கிவரும் சோடா

செப்டம்பர் 8, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில். முதலில் ஒரு மன்னிப்பு. இந்த டைரி அப்பாவுக்குக் கம்பெனியில் கொடுத்தது. நல்ல வழவழத் தாள். இதில் போய் என் வயிற்றைப் பற்றி எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல வாய் வராது, அதனால்தான்.

மாதவிடாய் நாளைக்கோ நாளை மறுநாளோ. (முழுதாக எழுதவே கூச்சம். இனி மா.) வயிறு இப்போதே உப்பல். சுடிதார் நாடா வழக்கமான இடத்தில் முடிச்சுக்கு வரவில்லை. மோதிரத்தைக் கழற்ற சோப்பு தேவைப்பட்டது.

ஆபீசில் பில் போடும் வேலை. நாள் முழுக்க நாற்காலி. இன்றைக்குப் பீங்கான் ஃபியூஸ் கட்டை லோடு, எழுந்திருக்கவே நேரமில்லை.

சாயங்காலம் அப்பா. பீங்கான் சூளையில் சரக்கு அடுக்கிவிட்டு வருகிறவர், தூசு படிந்து புருவம்கூட வெள்ளை. கையில் பாட்டில். எலுமிச்சை சோடா, உப்புப் போட்டது. காலையில் நான் வயிற்றைத் தடவியதைப் பார்த்திருக்கிறார்.

"குடிச்சிடும்மா. வாயு எறங்கிடும்."

இது இரண்டு வருடக் கதை. அப்போது ஒருநாள் "புள்ளைக்கு என்னா?" என்று அவர் கேட்க, அம்மா சட்டென்று "வாயு" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மாதாமாதம் சோடா. குடித்தால் வயிறு இன்னும் ஊதும். ஆனால் ஏப்பம் வரும்வரை அப்பா நகர மாட்டார். இன்றும் எதிரிலேயே நின்றார். பொய்யாக ஒன்று விட்டேன்.

"ஆங்! வந்துச்சு பாரு!"

பரீட்சையில் பாஸானபோதும் இப்படித்தான் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

9, புதன்

மா. வந்துவிட்டது. தலைக்குக் குளித்தேன். சாப்பாட்டு டப்பாவில் கருவாட்டுக் குழம்பு. பாதி அப்படியே.

பேக்கிங்கில் இருக்கும் செல்வி அக்கா நான் சொல்லாமலே கண்டுபிடித்தார். போன மாதம் நர்ஸம்மாவிடம் தனக்காகக் கேட்டு வந்ததை எனக்கும் சொன்னார். மறக்காமல் இருக்க:

உப்பைக் குறை. ஊறுகாய், அப்பளம், கருவாடு அந்த நாலு நாள் வேண்டாம்.
தண்ணீர் நிறைய. ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக.
வயிறு முட்டச் சாப்பிடாதே.
வாழைப்பழம் நல்லது.
தினம் அரை மணி நேரமாவது நட.
வலி தாங்கவில்லை என்றாலோ, மா. முடிந்தும் உப்பல் வடியவில்லை என்றாலோ டாக்டர்.

சோடா? கேட்டேவிட்டேன். சுற்றி நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

"அடிப்பாவி, அதுல இருக்குறதே காத்துதான. காத்த உள்ள அனுப்பி காத்த எறக்குறாரா உங்கப்பா? அதுல உப்பு வேற!"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். உப்பு குறைத்து எனக்கென்று தனியாக ரசம் வைத்தாள். அது வரைக்கும் சரி. சோடாவை நிறுத்தச் சொல்லேன் என்றால்,

"நான் சொல்ல மாட்டேன்டி. அதையெல்லாமா அப்பாகிட்ட பேசுவாங்க? நாலு நாளு குடிச்சிட்டுப் போயேன்."

இன்றைக்கு இரண்டு பாட்டில். பாதியைக் குடித்தேன். மீதியை அவர் குளிக்கப் போனதும் முருங்கை அடியில் ஊற்றினேன். மனசே சரியில்லை.

10, வியாழன்

காற்றே இல்லை. சீரகத் தண்ணீர் இரண்டு சொம்பு. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அடிவயிற்றில். சுகம்.

பெண்ணாடத்திலிருந்து பெரியம்மா போன். "பொண்ணுக்கு வாயுத் தொல்லையாமே? கல்யாணம் கட்டிக் குடுக்குற வயசுல பாத்துக்க வேணாமா?" சோடாக்கடையில் அப்பா "என் பொண்ணுக்கு, கேஸ் தூக்கலா குடுப்பா" என்று கேட்டிருக்கிறார். அங்கே நின்ற யாரோ பெண்ணாடம் பஸ் ஏறியிருக்கிறார்கள். அம்மாவிடம் "இப்ப சந்தோஷமா?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான்.

நடக்கலாம் என்று வாசலுக்கும் கொல்லைக்கும் பதினெட்டு நடை. பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலே எட்டிப் பார்த்து, "என்னா பாப்பா, எதையாச்சும் தொலைச்சிட்டியா?" நிறுத்திவிட்டேன்.

தெருவில் போக ஒரு காரணம் வேண்டும். கடை, கோயில், பஸ். சும்மா நடக்கிறேன் என்று எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் போனதில்லை. துணைக்கு அம்மா என்றால் அவளுக்கு முட்டி வலி. அப்பாவைக் கூப்பிட ஆசை. ஆனால் நாள் முழுக்கச் சூளையில் நின்ற கால். எப்படிக் கேட்பது? அவரோடு எங்கேயாவது நடந்து எவ்வளவு நாளாயிற்று. காலேஜில் சேர்க்கக் கூட்டிப் போனதுதான் கடைசி.

11, வெள்ளி

நேற்றைவிடத் தேவலை. உப்புக் குறைத்ததாலா, தண்ணீராலா, நாள் கணக்கா, தெரியவில்லை. நாடா ஒரு விரல் உள்ளே வந்துவிட்டது. மதியம் தயிர் சாதம், வாழைப்பழம். அப்பாவுக்கு ஓவர்டைம், அதனால் சோடா இல்லை. நிம்மதி. பிறகு நிம்மதிப்பட்டதற்கு வருத்தம்.

12, சனி

மூன்று மணிக்கு நல்ல மழை. அப்பா நனைந்துகொண்டே வந்தார். சட்டைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு, அதிசயமாக, உட்கார்ந்தார்.

"மாசத்துக்கு ஒருவாட்டி கரெக்டா வருதே இந்த வாயு. எனக்கு பயமா இருக்குதும்மா. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போயி பாத்துடலாம். திங்கக்கெழம லீவு கேட்டுட்டேன்."

இரண்டு வருடமாக இந்த மனிதர் பயந்துகொண்டு சோடா வாங்கியிருக்கிறார். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை வேண்டுமென்றே உருட்டினாள். நான் பாட்டிலையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"வாயு இல்லப்பா. மாசாமாசம் பொம்பளைங்களுக்கு வருதுல்ல, அது. அப்ப வவுறு உப்பும். நாலு நாள்ல வடிஞ்சிடும். ஆஸ்பத்திரி வேணாம். சோடாவும் வேணாம்ப்பா, அது குடிச்சா இன்னும் ஊதுது."

அப்பா துண்டால் தலையைத் துவட்டினார். துவட்டிய தலையையே மறுபடியும் துவட்டினார்.

"அப்பறம் ஏன் குடிச்ச?"

"நீங்க வாங்கியாந்தீங்க."

"அந்த ஏப்பம்?"

"பொய்யிப்பா."

அடுப்படியில் அம்மா வெடித்துச் சிரித்துவிட்டாள். "நீதான வாயுன்னு சொன்ன!" என்று அப்பா அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினார், ஆனால் கோபம் இல்லை. லீவை வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு பாட்டிலைத் திறந்து அவரே குடித்தார். என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாக,

"அப்ப ஒனக்கு என்னாதான் வாங்கியாறது?"

எதுவும் வாங்க வேண்டாம் என்றேன். அதோடு நிற்காமல் கேட்டுவிட்டேன்: "அப்பா, நாளைக்கு ஞாயித்துக்கெழமதான. சாயங்காலம் ஆத்துப் பாலம் வரைக்கும் என்கூட சும்மா நடந்து வரீங்களா?"