இடது சுவரில் ஒரு ஜன்னல்

இல்லை ரின்யா, அந்தச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் கெராய் மாமாவின் தலையணை வரும். அவர் குறட்டை மூடிய சுவரையே தாண்டி வருவது. ஜன்னல் வைத்தால் நேராக உன் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வலது சுவரில் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பாய். அங்கே நாங்கள். நீ வரைந்து அனுப்பிய வீட்டுக்கு நான்கு பக்கமும் ஜன்னல். அழகாக இருக்கிறது. அப்பா அதை அரிசி டின்னுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். ஆனால் ஊரே ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிற நம் நீள்வீட்டில் ஒரு குடும்பத்துக்கு முன்பக்கம் உண்டு, பின்பக்கம் உண்டு. மற்ற இரண்டு பக்கமும் அடுத்த வீட்டு ஆட்கள். இங்கே பிறந்து இருபது வயதுவரை வளர்ந்தவள் இதை எப்படி மறந்தாய் என்று யோசித்தேன். மறந்திருக்க மாட்டாய் என்றும் யோசித்தேன்.

நலம் விசாரிக்காமலே ஆரம்பித்துவிட்டேன். நானும் அப்பாவும் நலம், நாய்கள் இரண்டும் நலம், மிளகுக் கொடிகள் போன வருடத்தைவிட நலம். நீ நலம் என்று போனில் சொன்னாய். எப்போதும் அதைத்தான் சொல்கிறாய், அதனால்தான் கடிதம். போன் பேசத் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும், சிக்னல் அங்கேதான், எனவே ஊரும் அங்கேதான். நான் உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன சாப்பிட்டாள் என்று என்னைக் கேட்கிறார்கள். அங்கே நின்றுகொண்டு எதைப் பேசுவது.

புது வீட்டுக்கு மேட்டு நிலம் சமப்படுத்தியாகிவிட்டது. பழைய வீட்டின் கால்களை ஆறு தின்றது போதும், இனி அது வேறு எதையாவது தின்னட்டும். மண்வெட்டும் இயந்திரம் சரிகெய்யிலிருந்து வந்தது. முன்பெல்லாம் நிலம் திருத்தும்போது கெட்ட சகுனப் பறவையின் குரல் காதில் விழாமலிருக்க நாள் முழுக்க வெண்கலக் கொங்குத் தட்டை அடிப்பார்கள். இந்த முறை இயந்திரத்தின் சத்தத்தில் எந்தப் பறவையும் கேட்கவில்லை, கொங்கை எடுக்கவே இல்லை. தலைவர் பெலாயோங்குக்கு அதில் பெரிய திருப்தி. டீசலுக்குக் கொடுத்த காசு வீண் போகலை என்றார். பிறகு தூண் பிரச்சினை வந்தது. மரத் தூணை வேர்ப்பக்கம் கீழே இருக்கும்படிதான் நட வேண்டும், தலைகீழாக நட்டால் வீட்டுக்கு ஆகாது, சரி. ஆனால் இந்தத் தடவை எல்லாம் கான்கிரீட் தூண், தரையில் படுக்கவைத்து வார்த்தது. அதில் வேர் எது, நுனி எது? ஒரு மாலை முழுக்கப் பேசினார்கள். பாதிரியார் தமக்கு இதில் கருத்து இல்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் அரிசிக் கள் வாங்கிக்கொண்டார். கடைசியில் உன் அப்பா சொன்னார், சிமென்ட் முதல்ல எந்தப் பக்கம் விழுந்ததோ அதுதான் வேர், குழந்தைக்குத் தலை முதல்ல வர்ற மாதிரி. இது எப்படிப் பொருந்துகிறது என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இப்போது ஒவ்வொரு தூணிலும் ஒரு முனையில் சிவப்புச் சாயம். அப்பா காலையும் மாலையும் அவற்றுக்கு ஈரச் சாக்குப் போர்த்தித் தண்ணீர் ஊற்றுகிறார். மிளகுக் கொடிக்குக்கூட இவ்வளவு ஊற்றியதில்லை. நன்றாகக் காயட்டும் என்று அவசரப்பட்டு வெயிலில் விட்டால் கான்கிரீட் வெடிக்கும் ரின்யா, இதை எழுதி வைத்துக்கொள், ஒரு வாரமாவது நனைந்துகொண்டே இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மிளகு பறித்து முடிந்ததும் கயிறு கட்டுகிறார்கள். வீட்டின் நீளம் முழுவதற்கும் ஒரே கயிறு. அந்த நாளுக்குள் ஒவ்வொரு குடும்பமும் தன் இடத்தில் குச்சி ஊன்றித் துணி கட்டிவிட வேண்டும். தலைவர் வீடு நடுவில், அடுத்து நாம், நமக்கும் கெராய் மாமாவுக்கும் நடுவில் உனக்கென்று ஒரு வாசலுக்கு, ஒரு வீட்டு அகலத்துக்கு, இடம் விட்டு வைத்திருந்தேன். நீ வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வரைபடம் அனுப்பினாய். அதை அப்பா பெருமையாகக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார். கையிலிருந்து கைக்குப் போயிற்று. ஒரே சிரிப்பு. மூனா அத்தை, உனக்குத் தெரியுமே அவள் வாய், நாலு பக்கமும் ஜன்னலாமே, எங்க மூஞ்சியைப் பாக்காம எந்தப் பக்கம் வேணா குதிச்சு ஓடிடலாம்னு பாக்கறாளா உம் பொண்ணு என்றாள். தலைவர் சிரிக்கவில்லை. ரின்யா அம்மா, ஜன்னலை அப்புறம் பாத்துக்கலாம், அவளுக்கு வாசல் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லு என்றார். இல்லையென்றால் கெராய் மாமா ஒரு இடம் நகர்ந்து நம் சுவரோடு வந்துவிடுவார், அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக. வரிசை மூடிவிடும். நடுவில் பிறகு ஒரு வாசலைச் செருக முடியாது. பல்லுக்கு நடுவில் பல் முளைக்குமா. உண்மையில் எனக்கும் மூனா சொன்னதுபோலத்தான் தோன்றியிருந்தது, அதனால் கோபம் வந்தது.

அப்போது மூனாவின் மகன் லுன்சோங் பேசினான். போன மாதம் நீ வேலை செய்கிற ஜொகூருக்கே வந்து உன்னைப் பார்த்தானாமே. அம்மா, நீ சும்மா இரு, அவ ரூமைப் பாத்திருக்கியா, நாலு கட்டில், ஒரு ஃபேன், ஜன்னலே கிடையாது, வெளியில மழையா வெயிலான்னு வேலை முடிஞ்சு வர்றவ நனைஞ்சிருக்காளான்னு பாத்துத்தான் உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியும் என்றான். மூனா கையிலிருந்த வரைபடத்தை மடியில் வைத்து நீவிவிட்டு அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு நீ சொல்லியிருக்கலாம். நலம் என்ற சொல்லுக்குள் எவ்வளவு அடைத்து வைத்திருக்கிறாய்.

ஆசிரியர் படிப்புக்குப் போனபோது பல்கலைக்கழக விடுதியில் எனக்கு முதல் தடவையாகத் தனி அறை கிடைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று தெரியாது. இருமல் இல்லை, பாத்திரம் உருள்வது இல்லை. தூக்கம் வரவில்லை. பிறகு பிடித்துப்போயிற்று. ஊருக்குத் திரும்பியதும் இருமல் கேட்டுத் தூக்கம் வரவில்லை. அதுவும் பிறகு பிடித்துப்போயிற்று. இரண்டும் வேண்டும் என்பது பேராசையா என்று இன்றுவரை தெரியவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் புது வீட்டு மேட்டுக்குப் போனேன். பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகள் கையிலேயே இருந்தன. நடுவிலிருந்து கீழாற்றுப் பக்கமாகக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கடைசிக் குச்சி மூனாவுடையது, அதற்கு முந்தியது லுன்சோங்குடையது. மூனாவின் குச்சிக்கு அப்பால் ஒன்றுமில்லை. புல், கொஞ்சம் தாழ்வாக ஆறு, எதிர்க்கரையில் யாரோ வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். கடைசி வீட்டுக்கு மட்டும் ஒரு பக்கம் உண்டு ரின்யா. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாரும் அதை வேண்டும் என்று நினைத்ததில்லை. சாரல் அங்கேதான் அடிக்கும், தெருநாய் அங்கேதான் படுக்கும், கல்யாணத்தில் சாப்பாட்டுத் தட்டு அங்கே வந்து சேர்வதற்குள் கோழி தீர்ந்து எலும்பு மிஞ்சும். நின்று பார்த்தேன். ஜன்னல் வைத்தால் காலை வெயில் வரும், ஆறு தெரியும்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் ஈரச் சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தார். தலைவருக்குப் பக்கத்து வாசல், எங்கப்பா உக்காந்த இடம், அதை விட்டுட்டு வால்ல போய் நாய்க்குக் காவல் இருக்கச் சொல்றியா என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அடுத்த தூணுக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு, அவ வருவாளா என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாமயே போகணுமா என்றார். ஆமாம் என்றேன். மறுபடியும் தண்ணீர். அந்த மூனா நம்ம இடத்துக்கு வந்து தலைவர் காதுக்குள்ளயே பேசிக்கிட்டு இருப்பாளே, பாவம் பெலாயோங் என்றார். சிரித்தார். ஒத்துக்கொண்டார் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. மூனாவைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கவில்லை. நடுவுல வர எனக்கு ஆசையே இல்லை, உம் பொண்ணுக்காக வரேன், பேரக்குழந்தைக்குச் சாரல் ஆகாது பாரு என்று சொல்லிக்கொண்டே எங்கள் இடத்தில் அடுப்பு எங்கே வரும் என்று காலால் கோடு போட்டுவிட்டாள்.

ஆக இப்போது இப்படி. மூனாவும் லுன்சோங்கும் நடுவில் நமக்கிருந்த இரண்டு இடத்துக்கு. கடைசி வாசல் உனக்கு, அதற்கு முந்தியது எங்களுக்கு. உன் ஒரு சுவர் எங்கள் சுவர், மறு சுவர் உன்னுடையது. நீ கட்டுவதானால் சில விஷயங்கள், பிறகு மறந்துவிடுவேன். முன்கூடத்தின் அகலமும் தரை மட்டமும் கூரை உயரமும் எல்லோருக்கும் ஒன்றே, அதில் கை வைக்காதே, சண்டை வரும். பின்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டு, யாரும் கேட்க மாட்டார்கள். எங்களுக்கும் உனக்கும் நடுவே வருகிற சுவரைக் கூரைத் தகரம் தொடும்வரை செங்கல்லால் எழுப்பச் சொல். கொத்தனார் மேலே உட்கூரை மறைத்துவிடும் என்று பாதியில் நிறுத்தப் பார்ப்பார். விடாதே. மேலாற்றில் ஒரு வீடு எரிந்தபோது தீ அந்த இடைவெளியில்தான் ஓடியது, ஒரு அடுப்பு, எல்லா வாசலும் போயிற்று. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. கூரையில் வெளிச்சத்துக்குக் கண்ணாடித் தகடு போடுவதானால் சமையலறைக்கு மேல் போடு. கட்டிலுக்கு மேல் போட்டவர்கள் மத்தியானம் கருவாடாகிறார்கள். கழிவறையை எங்கள் தலைமாட்டுப் பக்கம் வைக்காதே, நாங்களும் வைக்க மாட்டோம். கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் வெளிப்பக்கம். பூச்சு பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள், பின்னால் ஆணி அடிக்கும்போது குழாய் எங்கே போகிறது என்று கும்பிட வேண்டியிருக்காது.

ஜன்னலைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகும். நீள்வீடு நுனியில்தான் வளரும். இன்றைக்கு நீ கடைசி. ஐந்து வருடமோ பத்து வருடமோ கழித்து யாராவது ஒரு ஜோடி கல்யாணம் பண்ணிக்கொண்டு உன் வெளிச்சுவரோடு தங்கள் சுவரைச் சேர்க்க வந்து நிற்பார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உனக்கு இல்லை, யாருக்கும் இருந்ததில்லை. ஆறு மறையும். அதனால் ஜன்னலை இடுப்பு உயரத்தில் வை, கண்ணாடியைச் சட்டத்தோடு கழற்றும்படி வை, ஒரு தட்டு தாராளமாக நுழைகிற அகலம் இருக்கட்டும். அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு மரக் கதவு போட்டுக்கொள்ளலாம். பழைய வீட்டில் நமக்கும் கெராய் மாமா வீட்டுக்கும் நடுவே பலகையில் அப்படி ஒரு திறப்பு இருந்ததே, நீ குழந்தையாக இருந்தபோது அதன் வழியாகத்தான் உன்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடுத்து வாங்கினோம். உப்பு, தீப்பெட்டி, நீ.

வரவில்லை என்று முடிவு செய்தாலும் எழுது. வரிசையில் நாங்கள் கடைசியாகிவிடுவோம், ஜன்னல் எங்கள் சுவரில் வரும், அவ்வளவுதான். அந்த ஜன்னல்ல நான் வலை காயப்போட்டுக்குவேன் என்கிறார் அப்பா. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். உனக்காகத்தான் மாறினோம் என்று எந்தக் காலத்திலும் சொல்லிக்காட்ட மாட்டோம். நான் சொல்ல மாட்டேன். அப்பா சொன்னால் காதில் வாங்காதே. அங்கே வேலைக்கு நடுவில் கொஞ்சம் வெளியே போய் நில், மழையாக இருந்தாலும். லுன்சோங்கிடம் உலர்த்திய மீனும் நம் மிளகும் கொடுத்து அனுப்புகிறேன், நான்கு கட்டிலுக்கும் பங்கு வை. உன் கண்ணும் கையும் நன்றாக இருக்கட்டும், தூங்கும் இடத்தில் காற்று வரட்டும், நீ நினைக்கிற வீடு நிற்கட்டும். கயிறு கட்டுவதற்குள் பதில் வர வேண்டும், மறக்காதே. தொட்டி மேட்டில் யார் நின்றாலும் பரவாயில்லை, போனிலேயே சொல், எல்லோரும் கேட்கட்டும்.

உன் பெயரால் ஊர் கூப்பிடுகிற,
ரின்யா அம்மா

இதை ஒட்டுவதற்கு முன் புது வீட்டு மேட்டுக்குப் போனேன். எங்கள் குச்சியை நடுவிலிருந்து பிடுங்கிக் கடைசிக்கு முந்திய இடத்தில் ஊன்றினேன். அதற்கு அடுத்து உன்னுடையது, உன் பழைய நீலச் சட்டைத் துணி கட்டி. உன் குச்சி இறங்கவில்லை, அடியில் கல். தோண்டிக் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, மறுபடி ஊன்றிவிட்டு வந்தேன்.